கம்பியில் கட்டிய பலகை

கெல்வின் காலை ஆறரைக்கு ஐஸ் வாங்கப் போனான். திரும்பி வரும்போது மணி பதினொன்று. ஐஸ் வந்தது, கூடவே ஒரு ரொட்டியும் வந்தது. ரொட்டி இருந்த காகிதப் பையில் பேக்கரியின் பெயர் அச்சடித்திருந்தது. அந்த பேக்கரி இருப்பது கெல்வினின் சொந்த ஊரில். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த முகாமிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஐஸ் விற்கும் கடையோ முகாமின் நுழைவாயிலிலேயே இருக்கிறது.

"கடையில கூட்டமா?" என்று கேட்டாள் லியோனி.

"ஆமா, சரியான கூட்டம். லீவு சீசன் இல்லையா" என்றான் கெல்வின், அவள் முகத்தைப் பார்க்காமல்.

லியோனி அந்தப் பையை நாலாக மடித்துத் தன் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகப் பள்ளி அலுவலகத்தில் லீவு சீட்டு வாசித்தவள் அவள். 'என் மகனுக்குக் கடும் காய்ச்சல்' என்று வரும் சீட்டில் கையெழுத்துப் போட்டது அப்பனா மகனா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருதரம் ஒரே வருஷத்தில் ஒரே தாத்தாவை மூன்றுமுறை சாகடித்த ஒருவனைப் பிடித்துக்கொடுத்திருக்கிறாள். அவளிடம் போய் நாலரை மணி நேர ஐஸ் கதையை விடுகிறான் இந்த மனுஷன். ஆத்திரம் ஒரு பக்கம், அவன் பொய் சொல்லும் அழகைப் பார்த்து வந்த பரிதாபம் ஒரு பக்கம்.

சாதாரண சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். இது சாதாரண சமயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வேலி போட வந்தவன் கெல்வின். மலையடிவார ஊர்களில் வேலி போடுவதுதான் அவன் தொழில். கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு அலுவலக ஜன்னலில் வந்து தண்ணீர் கேட்பான். ஒருநாளைக்கு எத்தனை தண்ணீர்தான் ஒருவன் குடிப்பான்? நாலாவது தம்ளரில் லியோனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் புருஷன் ஆங்கஸ் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யோசித்தாள், தயங்கினாள், தண்ணீர் கொடுத்தாள். இப்போது கெல்வின் கேட்பது பெரிய விஷயம். தன் வீட்டுக்கு வந்துவிடு, உன் மகள் ப்ரையனியை இந்த மாதக் கடைசியில் எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்கிறான். அதற்கு முன்னால் மூன்று பேரும் எட்டு நாள் ஆறு ஆறாகச் சுற்றுவோம், தினம் ஒரு மடுவில் நீந்துவோம், எட்டு நாளில் என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லு என்றான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஞாயிறு மத்தியானம் ஒரு மண்சாலையின் முடிவில் வண்டியை நிறுத்தினான். தைல மரத்தில் ஒரு பலகை தொங்கியது. 'பாம்புகள் அதிகம். உள்ளே போகாதீர்கள்.' பதின்மூன்று வயது ப்ரையனி வண்டியிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள்.

"அட, இறங்கு குட்டி. அது ஊர்க்காரனுங்க விடற புருடா" என்று சிரித்தான் கெல்வின்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" ப்ரையனி யாரையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ரகம் இல்லை. அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

"கவர்மெண்ட் போர்டுன்னா இரும்புத் தூண் நட்டு போல்ட் போட்டிருப்பான். மரத்துல கம்பி போட்டுக் கட்டியிருந்தா அது ஊர்க்காரன் வேலை. நல்ல மடுவா இருக்கும், வெளியூர்க்காரன் வந்து பாட்டில் உடைச்சுப் போட்டுருவான்னு பயம். லீவு வந்தா போதும், ஒருத்தன் பாம்பு போர்டு மாட்டுவான், ஒருத்தன் இங்க வெடி வெக்கறோம்னு மாட்டுவான். இதுல இன்னொரு கூத்து என்னன்னா, கார் சத்தம் கேட்டாலே தண்ணிக்குள்ள இருக்கறவன் எல்லாம் கப்சிப்புனு ஆயிடுவான். ரேடியோவ நிறுத்திட்டு மரத்தடியில பதுங்கிக்குவானுங்க. யாருமே இல்ல, ஏதோ இருக்குன்னு வந்தவன் பயந்து போயிடுவான்."

"ரொம்ப விவரமாத் தெரியுதே" என்றாள் லியோனி.

"எல்லா ஊர்லயும் பண்றதுதானே."

பாம்பின் கால் பாம்பறியும் என்று அவள் மனசு சொன்னது. ஆனால் அன்றைக்கு அதில் கெட்டதாக எதுவும் தெரியவில்லை. கெல்வின் முதலில் இறங்கினான். அது அவன் பழக்கம். யாரையும் இறங்க விடாமல், மார்பளவு தண்ணீரில் கரையிலிருந்து கரைக்கு நடந்து, காலால் அடித்தரையைத் துழாவிப் பார்ப்பான். போன வருஷம் குதித்த இடம் இந்த வருஷம் அதே இடம் இல்லை, வெள்ளம் ஒரு மரத்தையே கொண்டுவந்து புதைத்துவிட்டுப் போயிருக்கும் என்பான். மடு முழுக்கத் துழாவிவிட்டுத்தான் கையை உயர்த்தி, "வாங்க" என்பான். அந்தக் கை உயர்ந்ததைப் பார்த்தபோது லியோனிக்கு இவனை நம்பலாம் என்று தோன்றியது. ப்ரையனி தன் நோட்டில் அந்த மடுவுக்குப் பத்துக்கு எட்டு போட்டாள். ஒரு மார்க் சேற்றுக்காக, ஒரு மார்க் அட்டைப் பூச்சிக்காகக் குறைத்திருந்தாள்.

மாற்றம் வந்தது திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில். அதையும் லியோனி நன்றாக நினைவில் வைத்திருந்தாள். ஆற்றங்கரையில் கெல்வின் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான். ஈ மொய்த்தது. ப்ரையனி திடீரென்று, "அப்பா சொன்ன இடத்துக்கு மட்டும் மார்க் போடவே முடியல" என்றாள்.

"எந்த இடம்?" என்றான் கெல்வின்.

லியோனிதான் சொன்னாள். ஆங்கஸ் பத்து வயதில் குடும்பத்தோடு முகாம் போட்ட ஒரு மடு. பிளந்த பாறை ஒன்று இருக்குமாம், அதிலிருந்து குதிப்பார்களாம். புற்றுநோய்க்கு கீமோ நடந்துகொண்டிருந்த சமயம் அங்கே போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தலையை முக்காதே, மருந்துக் குழாய் போட்ட காயத்தில் படாமல் பார்த்துக்கொள், காலை நனைத்தால் ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் அனுமதி கொடுத்தாள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மண்சாலையில் ஒரு மணி நேரம் தேடினார்கள். பிளந்த பாறையைக் கண்டும் பிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு பலகை. 'நீலப்பச்சைப் பாசி. தண்ணீர் நஞ்சு. தொடாதீர்கள்.'

"வந்த வழியே திரும்பிட்டோம்" என்றாள் லியோனி. "பிப்ரவரி அது. ஜூன்ல போய்ச் சேர்ந்துட்டாரு."

ப்ரையனி கைபேசியில் அந்தப் படத்தை எடுத்து கெல்வினிடம் நீட்டினாள். பலகைக்குப் பக்கத்தில் ஆங்கஸ், மொட்டைத் தலையில் தொப்பி, தோளில் துண்டு, கட்டைவிரலைக் கீழே காட்டி நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறான். அவனுடைய கடைசி நல்ல படம் அதுதான். கெல்வின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அடுப்பில் சாசேஜ் கருகியது.

"எந்த வருஷம்?" என்றான்.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஏன்?"

"சும்மா" என்று சொல்லிவிட்டு, கை கழுவ ஆற்றுப் பக்கம் போனான். ஒரு கையைக் கழுவ அத்தனை நேரம் யாருக்கும் ஆகாது.

மறுநாள்தான் இந்த ஐஸ் கதை. அதோடு போயிற்றா? பிக்கப் வண்டியின் பின்தட்டில் தார்ப்பாய் எப்போதும் சும்மா மூடித்தான் கிடக்கும். அன்றிலிருந்து நாலு மூலையிலும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தான். "என்னத்துக்கு இந்தப் பாதுகாப்பு?" என்று கேட்டதற்கு, "காத்து அதிகமா இருக்கு" என்றான். ஒரு இலைகூட அசையவில்லை.

லியோனியின் மனசு நேரே போய் நின்ற இடம் ஒரு பெண். கெல்வினின் முன்னாள் மனைவி அதே ஊரில்தான் இருக்கிறாள். போய்ப் பார்த்திருக்கிறான். எதையோ எடுத்து வந்திருக்கிறான், அல்லது எதையோ கொடுக்கப் போகிறான். மகளை இழுத்துக்கொண்டு, ஆங்கஸோடு வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு, இன்னொருத்தியின் வாசத்துக்குள் போய்க் குடியேறப் பார்த்தேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. நல்ல வேளை, வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை.

புதன்கிழமை ஒரு அருவியடிக்குப் போனார்கள், வியாழக்கிழமை ஒரு ஏரி. கெல்வின் இறங்கித் துழாவுவான், கையை உயர்த்துவான், அவர்கள் இறங்கியதும் தான் ஏறிக் கரையில் உட்கார்ந்துவிடுவான். சிரிப்பு இல்லை, கேலி இல்லை. ஏதோ சொல்ல வருவது போல வாயைத் திறப்பான்.

"லியோனி, ஒருத்தன் தெரியாத்தனமா ஒரு காரியம் பண்ணிட்டான்னு வெச்சுக்கோ..."

"சொல்லு."

"இல்ல, பீர் எடுக்கட்டுமா?"

இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் பீர். மடியில் கனம் இருக்கிறவனுக்குத்தானே வழியில் பயம். வெள்ளிக்கிழமை வேறொரு வேலை செய்தான். கடைசி நாளில் தன்னுடைய சொந்த மடுவைக் காட்டுவேன், ஊரில் அதை கெட்டில் என்போம், அதைப் பார்த்தால் மற்றதெல்லாம் குட்டை என்பீர்கள் என்று வண்டி ஏறிய நாளிலிருந்து பீற்றிக்கொண்டிருந்தவன், தண்ணீர் குறைந்துவிட்டதாம், வேறெங்காவது போகலாம் என்றான்.

"யாரு சொன்னா தண்ணி குறைஞ்சிருச்சுன்னு?" என்று கேட்டாள் லியோனி.

"நெவில் சொன்னான்." நெவில் அவன் கூட்டாளி.

"இங்க சிக்னலே கிடையாதே கெல்வின். நெவில் எப்படிச் சொன்னான், புறா விட்டானா?"

அவன் காது சிவந்தது. அன்றைக்கு ப்ரையனி கூடாரத்துக்குள் அம்மாவின் பக்கத்தில் நெருங்கிப் படுத்துக்கொண்டு, "அம்மா, இந்தாளு எதையோ மறைக்கறாரு" என்றாள்.

"தெரியும்."

"தார்ப்பாய்க்குக் கீழதான் இருக்கு."

"அதுவும் தெரியும். தூங்கு."

சனிக்கிழமை காலை ஆற்றின் ஒரு வளைவில் கெல்வின் தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தான். ப்ரையனி கரையில் கையைக் கட்டிக்கொண்டு காவலுக்கு நின்றாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு வேலை தெரிந்திருந்தது. லியோனி வண்டிக்குப் போனாள்.

கம்பி முடிச்சை அவிழ்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. அது சாதாரண முறுக்கு இல்லை. கம்பியை எட்டுப் போல வளைத்து, ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து, வாலை உள்பக்கமாக மடக்கியிருந்தான். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மாட்டின் தோலைக் கிழித்துவிடும், எங்கப்பா சொல்லிக்கொடுத்தது, இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இப்படி மடக்க மாட்டார்கள் என்று பள்ளி வேலியைக் காட்டி ஒருதரம் பெருமையடித்திருக்கிறான். விரலைக் கீறிக்கொண்டு ஒரு மூலையை அவிழ்த்துவிட்டாள். தார்ப்பாயைத் தூக்கினாள். கம்பிச் சுருள், கடப்பாறை, மரம் அறுக்கும் ரம்பம். பெண்பிள்ளையின் பொருள் எதுவும் இல்லை. அடியில் ஒரு கோணிச் சாக்கு, அதற்குள் தட்டையாக ஏதோ ஒன்று.

சாக்கை உருவினாள். 'நீலப்பச்சைப் பாசி. தண்ணீர் நஞ்சு. தொடாதீர்கள்.'

இந்தப் பக்கம் எத்தனையோ பாசிப் பலகைகள் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைக்கவே விரும்பினாள். கைபேசியில் அந்தப் படத்தைத் திறந்தாள். ஆயிரம் தடவை பார்த்த படம், ஆனால் ஆங்கஸின் முகத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை. இப்போது அவன் காதுக்குப் பக்கத்தில் பார்த்தாள். பலகையின் மேல்மூலையில் துருக்கறை படிந்த ஒரு ஆணி ஓட்டை. இந்தப் பலகையிலும் அதே இடத்தில் ஓட்டை. படத்தை விரலால் பெரிதாக்கினாள். பலகையை மரத்தோடு கட்டியிருந்தது கம்பி. எட்டுப் போல ஒரு வளையம், வால் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

லியோனி வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. இத்தனை நாள் எவளோ ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தாளே, மூக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

கெல்வின் ஈரம் சொட்டச் சொட்ட மேடேறி வந்தான். பின்னாலேயே ப்ரையனி. திறந்த தார்ப்பாயைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான்.

"உக்காரு" என்றாள் லியோனி.

அவன் உட்காரவில்லை. "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எனக்கு வர்ற சீட்டுல பாதி அப்படித்தான் ஆரம்பிக்கும். யாரு கட்டினது இதை?"

"நான்தான். எழுதினது நெவில். கட்டினது நான். எட்டு வருஷமா வருஷா வருஷம் டிசம்பர்ல கோடை லீவு ஆரம்பிச்சதும் மாட்டுவோம், ஈஸ்டருக்கு அப்புறம் எடுப்போம்."

"பாசி இருந்துச்சா?"

"இல்ல."

"ஒருநாளாவது இருந்துச்சா?"

"ஒருநாளும் இருந்ததில்ல லியோனி. அது பளிங்குத் தண்ணி." அவன் குரல் உடைந்தது. "பாம்புன்னு எழுதினா எவனும் நம்பறதில்ல. பாசின்னா குழந்தை குட்டியோட வர்றவங்க திரும்பிடுவாங்கன்னு..."

"என் புருஷன் திரும்பினாரு."

அவன் ஈரத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான், சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னான். "அன்னைக்கு நாங்க அங்க இருந்தோம்."

"என்னது?"

"வில்லோ மரத்தடியில. நானும் நெவிலும் இன்னொருத்தனும். கார் சத்தம் கேட்டு ரேடியோவ நிறுத்திட்டோம். உங்க முகம் தெரியல, மேட்டுல நின்னீங்க. ஆனா தண்ணிமேல பேச்சு நல்லாக் கேக்கும். ஒரு ஆள் கேட்டாரு, 'கால மட்டும் நனைச்சுக்கறேனே'ன்னு."

லியோனி எழுந்து நின்றாள். "அதையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்? அதையும் கேட்டியா?"

"வேண்டாம்னு சொன்னே. நெவில் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஜெயிச்சுட்டோம்னு சிரிச்சேன்."

அவள் அவனை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். கை பாதியில் நின்றது, அடித்தால் தீர்ந்துவிடும், தீரக்கூடாது என்று தோன்றியது. "அந்த 'வேண்டாம்'ங்கற ஒரு வார்த்தைய ரெண்டு வருஷமா மென்னுக்கிட்டிருக்கேன் தெரியுமா? சாகப்போற மனுஷன் கெஞ்சினாரு. கால மட்டும்னு கெஞ்சினாரு. நான்தான் கல்நெஞ்சுக்காரி, நான்தான் போர்ட நம்பினேன், நான்தான் கையைப் புடிச்சு இழுத்து கார்ல ஏத்தினேன். ராத்திரி முழிப்பு வந்தா அந்தக் கால்தான் ஞாபகம் வருது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் நனைச்சிருந்தா என்ன?"

மேலே காக்கட்டூக் கிளிக் கூட்டம் ஒன்று காட்டுக்கத்தல் கத்திக்கொண்டு போயிற்று. ப்ரையனியின் முகம் வெளுத்திருந்தது.

"ஐஸ் வாங்கறேன்னு போய் இதை எடுத்தவன் ஏன் கொளுத்தல?" என்றாள் லியோனி. "கொளுத்திட்டு வந்திருந்தா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காதே."

"நெவில் அதைத்தான் சொன்னான். இப்பவே அடுப்புல வெச்சுரு, வாயைத் தெறக்காதேன்னான். வெக்கப்போனேன். வெச்சுட்டா நான் உன்கிட்ட எப்பவுமே சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சது. என்னை எனக்குத் தெரியும். அதான் கட்டி எடுத்துட்டு வந்தேன். சொல்லவும் தைரியம் இல்ல, தூக்கிப் போடவும் தைரியம் இல்ல."

இது உண்மையா, இதுவும் ஒரு சீட்டா? லியோனியால் மோந்து பார்க்க முடியவில்லை. முதல் தடவையாக அவளுக்குத் தன் மூக்கின்மேல் நம்பிக்கை இல்லை.

ப்ரையனிதான் பேசினாள். "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க" என்றாள் கெல்வினிடம். "இப்பவே. மார்க் போடணும்."

ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் ஒரே இருக்கையில் தோள் இடிக்க உட்கார்ந்து போனார்கள். வேறு வழியாகப் போனதால் லியோனிக்குச் சாலை தெரியவில்லை. பிளந்த பாறையைப் பார்த்ததும் தெரிந்தது. மரத்தில் கம்பி இருந்த இடத்தில் பட்டை தேய்ந்து ஒரு வளையம் மட்டும் மிச்சமிருந்தது.

கீழே மடுவில் நெவில் இருந்தான். தொப்பையும் தாடியுமாக ஒரு பழைய டயர் ட்யூபில் மிதந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கைக்கெட்டும் கல்லின்மேல் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கெல்வினைக் கண்டதும் கத்தினான். "வா மாப்ளே! போர்டு இல்லாம என்ன கதி ஆகப்போகுதோன்னு நான் இங்க காவல் கெடக்கேன்!" பின்னால் வந்த லியோனியைக் கண்டதும் அவன் வாய் மூடிக்கொண்டது.

கெல்வின் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். அவன் பீற்றிக்கொண்ட கெட்டில் இதுதான்; அவன் சொந்த மடு, கண்ணை மூடிக்கொண்டு நீந்துகிற மடு. ஆனாலும் கரையிலிருந்து கரைக்குத் துழாவினான். வலது பக்கம் ஒரு இடத்தில் நின்று, காலால் அழுத்திப் பார்த்து, "இங்க ஒரு கட்டை புதைஞ்சிருக்கு, புதுசு. இந்தப் பக்கம் வராதே" என்றான். கையை உயர்த்தினான். ப்ரையனி பிளந்த பாறைமேல் ஏறி, இடது பக்கம் பார்த்துக் குதித்தாள். தலை வெளியே வந்தபோது அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. மறுபடி ஏறிப்போய்க் குதித்தாள். மறுபடியும்.

லியோனி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். ஜில்லென்றிருந்தது. விரல்களும் நகங்களும் கூழாங்கற்களும் தெளிவாகத் தெரிந்தன. இவ்வளவுதான். இதற்குத்தான் அவன் கெஞ்சினான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. நெவில் ட்யூபைத் திருப்பிக்கொண்டு மரத்தைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் மேலே மண்சாலையில் கார் சத்தம் கேட்டது.

நெவிலின் கை தானாக நீண்டு ரேடியோவை நிறுத்தியது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வில்லோ நிழலுக்குள் மிதந்து போனான். எட்டு வருஷப் பழக்கம், யோசித்துச் செய்வது இல்லை. மடு முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. மேலே கார்க் கதவு திறக்கும் சத்தம். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. "யாரையும் காணோமேங்க" என்றது ஒரு பெண் குரல். "இவ்வளவு வெயில்ல ஒருத்தர்கூட இல்லன்னா ஏதாவது காரணம் இருக்கும். வாங்க, போயிடலாம்."

லியோனி வாயைத் திறந்தாள். கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் முதுகு காட்டி நின்ற கெல்வினைப் பார்த்தாள். பாறைமேல் நின்ற ப்ரையனியும் அவனைத்தான் பார்த்தாள்.

"மாப்ளே, மூச்சு விடாதே. போயிடுவாங்க" என்று நெவில் கிசுகிசுத்தான்.

மேலே ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏங்க!" கெல்வினின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "போகாதீங்க! இறங்கி வாங்க! தண்ணி நல்லா இருக்கு, குழந்தையையும் கூட்டிட்டு வாங்க!" மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினான். "வலது பக்கம் மட்டும் ஒரு கட்டை இருக்கு, அங்க குதிக்காதீங்க!"

"கெடுத்தியேடா" என்றான் நெவில். "அடுத்த வாரம் ஊரே இங்க நிக்கும்."

"நிக்கட்டும்."

மேட்டில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, பிறகு இன்னொன்று. தோளில் துண்டோடு ஒரு ஆள் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை. கெல்வின் லியோனியின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அந்தப் புதைந்த கட்டைக்குப் போய், அதன்மேல் யாரும் வந்துவிடாதபடி தானே நின்றுகொண்டான். லியோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு இடம் விட்டுக் கல்லில் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வண்டியில் ஏறும்போது கெல்வின் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு. லியோனி தானாகத்தான் சொன்னாள்.

"நான் சரின்னு சொல்லல. தெளிவாக் கேட்டுக்கோ, சொல்லல."

"சரி."

"உங்க ஊர்ப் பள்ளிக்கூடம் போற வழியிலதானே இருக்கு?"

"ஆமா."

"அந்த வழியாப் போ. வெளியில இருந்து பாக்கறேன்."

ப்ரையனி மடியில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். அந்த மடுவுக்கு என்ன மார்க் என்று அவள் காட்டவில்லை, லியோனியும் கேட்கவில்லை.